பத்தாம் நம்பர் லேபிள்

2018 ஏப்ரல் 3, செவ்வாய்

ஹாக்கி சங்கத்திலிருந்து ஆதிநாராயணன் வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். இவன் தாத்தா 1974-இல் எங்கள் சைக்கிள் பம்பை இரவல் வாங்கிப் போனவர். இன்னும் வரவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைப் போட்டு மோர் கொடுத்தேன்.

மே மாசப் போட்டிக்கு மைதான வாசலில் பெரிய போர்டு வைக்கிறார்களாம். 1966-இல் மயில்வாகனா தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி தன்னுடைய ஹாக்கி டீம் ஆட்களின் முகத்தைத் தீப்பெட்டி லேபிளில் அச்சடித்தார். பதினாறு ஆள், பதினாறு லேபிள். அதையெல்லாம் பெரிசாக்கி, கீழே பேர் எழுதி, காலத்துக்கும் நிற்கிற மாதிரி வைக்கப் போகிறார்கள். மதுரையில் பழைய லேபிள் சேர்க்கிற ஒருவரிடம் பதினைந்து இருக்கிறது. பத்தாம் நம்பர் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லையாம்.

"பத்துல உங்க வீட்டுக்காரர் பேர்தானே ஆச்சி இருக்கு? உங்ககிட்ட இருக்கும்னு பொன்ராணி அக்கா சொன்னாங்க."

"கடையில உக்காந்துக்கிட்டு அவ ஆயிரம் சொல்லுவா. என்கிட்டயும் பதினைஞ்சுதான். பத்து இல்லை."

டப்பாவைத் திறந்து தரையில் பரப்பினேன். ஒண்ணாம் நம்பர் கோல்கீப்பர் மாடக்கண்ணு. போலீஸ் டீமுக்குப் போய் எட்டு வருஷம் நின்றான், தொப்பை விழுந்ததும் குனிய முடியவில்லை, காலுக்கு நடுவில் பந்து போக ஆரம்பித்தது. நாலு, பேக் தங்கப்பாண்டி. திருச்சி ஆட்டத்தில் முழங்கால் சில்லு போயிற்று, அப்புறம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை. ஏழு, சென்டர் ஹாஃப் ராமானுஜலு. பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயும் ஆடினான், திரும்பி வந்தபோது இரண்டு விரல் இல்லை, ஆனாலும் மட்டையை விடவில்லை. பன்னிரண்டு, ரைட் அவுட் மைதீன் பிச்சை. எங்கள் வீட்டுக்காரர் இறந்த அன்றைக்கு டீம் ஆட்களில் வந்து நின்ற ஒரே மனுஷர். வராதவர்கள் பட்டியலும் என்னிடம் உண்டு.

"எழுதி வச்சிருக்கீங்களா ஆச்சி?"

"மறக்கிறவங்கதான் எழுதணும்."

இப்போது இந்த டைரியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது வேறு. பேச ஆள் இருந்தால் எழுத மாட்டேன்.

ஒன்பதாம் நம்பரில் விரல் வைத்தேன். படிய வாரிய தலை, இறுக மூடிய வாய், காது இரண்டும் கொஞ்சம் விலகி. "இதுதான் எங்க வீட்டுக்காரர். லெஃப்ட் அவுட்."

"கீழ சவரிராயன்னு போட்டிருக்கே?"

"போட்டிருக்கும். சிவகாசியில் அச்சுக்கட்டை செய்தவன் ஒன்பதுக்கும் பத்துக்கும் பேரை மாத்திப் போட்டுட்டான். லட்சம் லட்சமா அடிச்சப்புறம்தான் பார்த்தாங்க. 'முகத்தைப் பார்த்தா ஊருக்கே தெரியாதா'ன்னு முதலாளி அப்படியே விட்டுட்டாரு."

"அப்போ உங்க வீட்டுக்காரர் பேர் என்ன ஆச்சி? சரியாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"கறுப்புக்கு எதிர் நிறம். அதுக்குப் பின்னால கோயில்ல இருக்கிறவர்."

யோசித்தான். அவனே சொன்னான். நான் தலையாட்டினேன். "இந்தக் காலத்துலயுமா ஆச்சி?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். அவன் பெண்டாட்டி அவனை வாடா போடா என்கிறாள், தெருவே கேட்கிறது.

போர்டில் அவர் முகத்துக்குக் கீழே அவர் பேர் வரணும். ரேஷன் கார்டில் அடித்தாயிற்று. வீட்டு வரி ரசீதில் மகன் பேர் வந்தாயிற்று. அவர் பேர் எழுதிய இடம் ஊரில் இனி அது ஒன்றுதான்.


ஏப்ரல் 4, புதன்

பொன்ராணி கடையில் உளுந்து, மிளகு, பூண்டு. மலைப்பூண்டை அள்ளினாள். "அது வேண்டாம், நாட்டுப்பூண்டு, அந்தப் பால் நிறத்தது" என்றேன்.

"அதுக்கு ஒரு பேரு இருக்கே ஆவுடை ஆச்சி. சொல்லுங்க, தாரேன்." தராசுத் தட்டைக் கையால் மூடிக்கொண்டாள். நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

ஐம்பத்தொரு வருஷமாக வாயில் வராத பேர் கால் கிலோ பூண்டுக்காகவா வரும்? உளுந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரசம் பூண்டில்லாமல். பொன்ராணி மேல் என் கணக்கில் இது மூன்றாவது குற்றம்.


ஏப்ரல் 6, சுக்கிரவாரம்

இந்தக் கிழமையை நான் இப்படித்தான் எழுதுவேன். மற்றவர்கள் சொல்கிற பேர் அவர் பேர் ஆரம்பிக்கிற மாதிரியே ஆரம்பிக்கும்.

ஆதி போன் பண்ணினான். "சவரிராயன்னா யாரு ஆச்சி, பெரிய பிளேயராமே?" என்றான். பெரிய பிளேயர்தான். எப்படிப் பெரிய பிளேயர் ஆனான் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

1967 சித்திரை, இறுதி ஆட்டம், பெங்களூர் டீமோடு. இரண்டுக்கு ஒன்று. இரண்டு கோலும் எங்கள் வீட்டுக்காரர் இடது கோடியில் கொண்டுபோய்க் கொடுத்த பந்து. நான் அப்போது கல்யாணமாகி வரவில்லை, ஆனாலும் பார்த்தவர்கள் சொன்னதைப் பார்த்தது போலவே வைத்திருக்கிறேன். மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்க வந்த பெரியவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, பெட்டிக்கடையில் சிகரெட்டுக்குத் தீப்பெட்டி கேட்டிருக்கிறார். கடைக்காரர் கொடுத்தது ஒன்பதாம் நம்பர். "அட, இவன்தான் இடது பக்கம் ஓடினவன்" என்று பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

ஆனியில் உத்தரவு வந்தது. பெரியவர் பார்த்த முகம் எங்கள் வீட்டுக்காரருடையது. எழுதியிருந்த பேர் சவரிராயன். அந்த ஆளும் வாய் திறக்காமல் காகிதத்தை வாங்கிக்கொண்டு மறுநாளே ரயிலேறிவிட்டான். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினேழு நாள்.

மெட்ராஸில் பதினொரு வருஷம் ஆடினான். மாநில டீமில் ஆறு தடவை. 1970-இல் இந்தியா முகாமுக்குக் கூப்பிட்டார்கள், முதுகு பிடித்துக்கொண்டு நாலாம் நாள் திரும்பிவிட்டான். 1971 மார்ச்சில் பேப்பரில் படம் வந்தது. மூன்றாம் பத்தி, கீழே. நெற்றி ஏற ஆரம்பித்திருந்தது, ஆனாலும் சுருட்டை போகவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் 1969 வரை ஆடினார். ஆட்டம் இல்லாத நாளில் குச்சிக்கு மருந்து முக்குகிற ரூமில் வேலை, அப்புறம் முழு நேரமும் அங்கேயே போட்டார்கள். அந்தப் புகையில் மூச்சு வாங்கியது. அதோடு சரி.

களவாணிப் பயல். இதை எழுதினால் தப்பில்லை.


ஏப்ரல் 8, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகன் பழனிவேல் பேசினான். மூன்று நிமிஷம் நாற்பது வினாடி. போனே காட்டுகிறது. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, இங்கே வந்துவிடேன். ஆயிற்று.

மத்தியானம் வெயில். எதிர் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போயிருக்கிறார்கள். தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான், நின்று பார்த்தான், வாங்க ஆள் இல்லை, போய்விட்டான். மணி நாலு வரைக்கும் அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்டது.


ஏப்ரல் 9, திங்கள்

அடுப்பு பற்ற வைக்கிற தீப்பெட்டியை எடுக்கும்போது நினைப்பு வந்தது. எந்தத் தீப்பெட்டியானாலும் அவர் குப்புறத்தான் வைப்பார். மேல் பக்கம் கீழே, அடிப் பக்கம் மேலே. "ஈரம் பட்டு லேபிள் உரிஞ்சு போகும், நிமித்தி வைங்க" என்று எத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன். கேட்டதே இல்லை. பிடிவாதக்காரர்.

கல்யாணமான புதிதில் நான் வீட்டிலேயே பெட்டி ஒட்டினேன். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போட்டுக் காய்ச்சி, காலை முழுக்க ஒட்டுவேன். ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நாலு பெட்டி. பதினாறு லேபிளும் கலந்து வரும். ஒரு குரோஸில் ஒவ்வொரு முகமும் ஒன்பது தடவை. என் கையாலேயே என் புருஷன் முகத்தை இன்னொருத்தன் பேரோடு ஒட்டினேன், இரண்டு வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுவார். ஒட்டுகிறபோதே பொசுக்கென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். ஒரு குரோஸ் முடிவதற்குள் ஏழெட்டுத் தடவை. அப்படித் தாகம் எடுக்கிற மனுஷனை நான் கண்டதில்லை.


ஏப்ரல் 11, புதன்

ஆதி வந்தான், முகம் சரியில்லை.

"மதுரைக்காரர் பேரை மாத்தக் கூடாதுங்கிறாரு ஆச்சி. லேபிள் எப்படியோ அப்படியே போடணுமாம். அச்சுப் பிழை இருக்கிற லேபிளுக்குத்தான் சேர்க்கிறவங்ககிட்ட மவுசாம். பிழைதான் அதோட பெருமையாம்."

"தப்புக்குப் பெருமை உள்ள ஊரா மதுரை?"

"அதோட, ஆதாரம் இல்லைங்கிறாங்க சங்கத்துல. சவரிராயன் பேர் பெற்ற ஆளு. நாளைக்கு அவங்க குடும்பம் வந்து கேட்டா?"

சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டினேன். ஆதி லேபிளைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். படத்தில் இருப்பது எழுபது வயசு, கன்னம் ஒட்டி, பல் கட்டியது. லேபிளில் இருப்பது கட்டைவிரல் அகலத்துக்கு இருபத்திரண்டு வயசு, சிவப்பும் நீலமும் ஒன்றின் மேல் ஒன்று விலகி. யாரோடும் பொருந்தும், யாரோடும் பொருந்தாது. டீம் போட்டோ, தீப்பெட்டிக் கம்பெனி எரிந்தபோதே போயிற்று. எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோ கிடையாது.

"பதினாறு பேர்ல இப்ப யார் ஆச்சி இருக்கா?"

தெரிந்துகொண்டேதான் கேட்டான். அந்தச் சவரிராயன் ஒருத்தன்தான் இருக்கிறான். பாளையங்கோட்டையில் மகள் வீட்டில்.

"அவர் ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தாப் போதும். இருபத்தஞ்சாம் தேதி போர்டு அச்சுக்குப் போகுது. நான் போய்க் கேக்கட்டுமா?"

"நீ போனா காப்பி கொடுத்து அனுப்பிடுவான். வேண்டாம்."

எழுந்து போகும்போது சைக்கிள் பம்பைப் பற்றிச் சொன்னேன். பாவம், முழித்தான்.


ஏப்ரல் 14, சனி

வருஷப் பிறப்பு. ஒரு ஆளுக்குப் பாயசம் வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது.


ஏப்ரல் 15, ஞாயிறு

பழனிவேல் பேசினான். இரண்டு நிமிஷம் பத்து வினாடி.

போகலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன். போனால் அந்த ஆளிடம் கேட்கணும். கேட்பது நான். கொடுப்பது அவன். இது எங்கே நியாயம்?

சும்மா இருக்கிற நேரத்தில் பழசெல்லாம் வருகிறது. எட்டயபுரம் பக்கம் எங்கள் ஊர். தாய்மாமா ஒரு நாள் மத்தியானம் வந்து, மடியை அவிழ்த்து ஒரு தீப்பெட்டியை எடுத்து வைத்தார். "மாப்பிள்ளை படம்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு. "ஊர்ல எல்லாரும் போட்டோ கொண்டு வருவாங்க, என் தம்பி தீப்பெட்டி கொண்டு வாரான்." சித்தி பார்த்தாள், பெரியம்மா பார்த்தாள், அப்புறம் என் கைக்கு வந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். படத்துக்குக் கீழே இருந்த பேரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். சத்தமாகவே வாசித்தேன். அன்றைக்கு வாசிக்கலாம், இன்னும் கல்யாணம் ஆகவில்லையே. அந்தப் பேரை என் வாயால் சொன்னது அதுதான் முதலும் கடைசியும்.

மாமா பேரைப் பார்த்துத்தானே பெட்டியை வாங்கியிருப்பார். அது எத்தனையாம் நம்பர் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

"என்ன சொல்லுத?" என்று அம்மா கேட்டாள். "சரி" என்றேன். நாலு மாசம் அந்தப் பெட்டி அடுப்படியில் இருந்தது. குச்சி தீர்ந்த பிறகும் இருந்தது. சுருட்டை முடி. மேல் வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய்.

மணவறையில் தலை நிமிரச் சொன்னார்கள். நிமிர்ந்தேன். கட்டப் போகிறவர் நேரே நின்றார். அவருக்குப் பக்கத்தில் மாலைத் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு சிநேகிதன் நின்றான். எங்கே பார்க்கணுமோ அங்கேதான் பார்த்தேன். கொஞ்சம் பிந்தியிருக்கலாம்.

போதும். உளுந்து ஊறப் போடணும்.


ஏப்ரல் 17, செவ்வாய்

பத்தாம் நம்பர் என்னிடம் இல்லை என்று மூன்றாம் தேதி எழுதியிருக்கிறது. அது ஆதியிடம் சொன்னதை எழுதியது. தையல் மெஷின் இழுப்பறையில் பொத்தான் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. பெட்டியிலிருந்து உரித்து எடுத்தது. ஓரம் கிழியவில்லை.

வியாழக்கிழமை போகிறேன்.


ஏப்ரல் 19, வியாழன்

ஒன்பது மணி பஸ். பாளையங்கோட்டை வெயில் நம் ஊர் வெயிலுக்கு அக்கா. ஆதி தாள் எழுதிக் கொடுத்திருந்தான்: ஒன்பதாம் நம்பரில் உள்ள முகம் ஆவுடைத்தாயின் கணவர், பத்தாம் நம்பரில் உள்ள முகம் நான், இப்படிக்கு. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

மகள் ரோஸ்லின் கதவைத் திறந்தாள். உள்ளே நாற்காலியில் ஒரு கிழவர். மண்டையில் ஒரு முடி இல்லை. இடுப்பு எலும்பு முறிந்து கம்பு வைத்திருந்தார். நான் வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

"வாங்க மதினி" என்றார். முன்பல்லும் இல்லை. "அம்பத்தோரு வருஷம் ஆச்சு வழி கண்டுபிடிக்க?"

"வழி தெரியும். கால்தான் வரமாட்டேன்னுச்சு."

தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தார். நான் வரும் வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன், அவன் இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்லணும் என்று. எதற்கும் வேலை இல்லை. "இம்புட்டுதானா? ஒன்பது அவன், பத்து நான். யாருக்கு இதுல சந்தேகம்?" என்று மகளிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"வேலையைக் களவாண்ட கை, கையெழுத்தையாவது நேராப் போடுதே" என்றேன்.

ரோஸ்லின், "ஆச்சி, வீட்டுக்கு வந்து அப்பாவை இப்படி..." என்று ஆரம்பித்தாள்.

"நீ போயிக் காப்பி போடும்மா" என்றார். அவள் போகிற வரைக்கும் கம்பின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "களவாண்டேன்னு அவனா சொன்னான்?"

"அவர் ஒண்ணும் சொல்லல. சாகிற வரைக்கும் உங்க பேரை வாயில எடுக்கல."

"அப்போ சொல்லவே இல்லையா." மூச்சு விட்டார். "ஆர்டர் வந்த அன்னைக்கே சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கம்பெனிக்குப் போனேன் மதினி. அவனைக் கூப்பிட்டு விட்டேன். கையெல்லாம் சிவப்பு மருந்தோட வந்தான். 'டேய், இது உனக்கு வந்ததுடா, லேபிளால பேர் மாறிப் போச்சு, வா முதலாளிகிட்டப் போவோம், மாத்தி எழுதச் சொல்லுவோம்'னேன். காகிதத்தைத் தொடவே இல்லை. 'பேர் உன் பேருதானே, நீ போ'ன்னான். பைத்தியமாடா உனக்குன்னு சட்டையைப் பிடிச்சேன். என் சட்டைலயும் சிவப்பு."

"எதுக்கு அப்படிச் சொன்னார்?"

"விடுங்க மதினி. போனவன் போயிட்டான்."

"கேக்கிறேன்ல."

வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. "'அவ லேபிளைப் பார்த்துத்தான் சரின்னு சொல்லியிருக்கா. மணவறையில தலை நிமிந்தப்போ நான் பார்த்துட்டேன். நீ இந்த ஊர்ல இருந்தா நான் தெனமும் அவ கண்ணைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். என்னால முடியாதுடா. நீ போயிரு, திரும்பி இந்தப் பக்கம் வராதே'ன்னான். எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே விளங்கல. ரயில் சாத்தூர் தாண்டினப்புறம்தான் விளங்குச்சு."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தாள் பறக்காமல் இருக்க அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

ரோஸ்லின் காப்பி கொண்டு வந்தாள். "என்ன லேபிள்ப்பா அது, இவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்காங்க?"

"தீப்பெட்டி லேபிள்ம்மா" என்றேன். "சும்மா."

காப்பியில் சர்க்கரை அதிகம். முழுதும் குடித்தேன். எழுந்து, "வாரேன் அண்ணாச்சி" என்றேன்.

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "மதினின்னு கூப்பிடுதவனை அண்ணாச்சின்னா எப்படி? முறை மாறிப் போகுதே."

"முறை மாறினது போதும். இனிமே தங்கச்சின்னு கூப்பிடுங்க."

 பொக்கை வாயால் சிரித்தார். "சரி தங்கச்சி. பார்த்துப் போ."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது.


ஏப்ரல் 20, சுக்கிரவாரம்

எழுத ஒன்றுமில்லை. கடுகுத் துவையல்.


ஏப்ரல் 22, ஞாயிறு

பழனிவேல் பேசினான். "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றான். "உங்க அப்பாவுக்குத் தண்ணி தாகம் ஜாஸ்தி, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "இல்லையேம்மா, அப்பா தண்ணியே குடிக்க மாட்டாரே, நீதானே சொம்பை எடுத்துக்கிட்டு விரட்டுவ" என்றான்.

ஆமாம். அவர் தண்ணீர் குடிக்காத மனுஷர்தான். பெட்டி ஒட்டின அந்த இரண்டு வருஷம் மட்டும்தான் தாகம்.

ஒரு குரோஸில் ஒவ்வொரு முகமும் ஒன்பது தடவை வரும். பத்தாம் நம்பர் வரும்போது என் கை நின்றிருக்கும். நின்றதா என்று எனக்குத் தெரியாது, நான் என் கையைப் பார்த்ததில்லை. பார்த்தவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்.

தீப்பெட்டியைக் குப்புற வைத்ததற்கு நான் திட்டினேன். நாற்பத்தெட்டு வருஷம் திட்டினேன். லேபிள் அடிப்பதை நிறுத்தி, கம்பெனியே மூடி, வேறு கம்பெனிப் பெட்டி வாங்கின பிறகும் அவர் கை அப்படியேதான் வைத்தது. ஒரு வார்த்தை, என்னடி என்று ஒரு வார்த்தை, அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எப்போது அந்த முகம் மறந்து போயிற்று என்று. எனக்கே தேதி தெரியாத ஒரே விஷயம் அது. பழனிவேலுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் இவர் தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தாரே, அப்போதே மறந்துவிட்டது. அல்லது அதற்கும் முன்னால்.

மறந்த பிறகும் லேபிளை ஏன் வைத்திருந்தாய் என்றால், அதில் அவர் பேர் இருந்தது. சொல்லத்தான் முடியாது, பார்க்கலாமே.

இதை யாரிடம் போய்ச் சொல்ல.


ஏப்ரல் 24, செவ்வாய்

காலையில் மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சினேன். துத்தம் இல்லை, உப்புப் போட்டேன். கை மறக்கவில்லை, எந்தப் பதத்தில் இறக்கணும் என்று அதற்குத் தெரிகிறது. ஒன்பதையும் பத்தையும் பலகையில் வைத்து, தையல் கத்தரியால் இரண்டிலும் பேர் உள்ள துண்டை மட்டும் வெட்டி எடுத்தேன். ஒரு நூல் அகலம் கூடப் பிசகவில்லை.

ஒட்டிக் காய வைத்திருக்கும்போது ஆதி வந்தான். முதலில் கையெழுத்துத் தாளைப் பார்த்தான், சந்தோஷம். அப்புறம் பலகையைப் பார்த்தான்.

"ஆச்சி! இது பத்தாம் நம்பர்! இருந்திச்சா! மதுரைக்காரர் மயங்கியே..." குனிந்தவன் அப்படியே நின்றான். "ஐயையோ. என்ன ஆச்சி பண்ணி வச்சிருக்கீங்க? வெட்டிட்டீங்களா?"

"தப்பை வெட்டினேன்."

"உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு ஆச்சி! தப்புதான் ஆச்சி அதுக்குப் பெருமையே! அவர்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"அம்பத்தோரு வருஷம் பெருமைப்பட்டாச்சு, போதும்னு சொல்லு. ஈரம் காயல, கையை வைக்காதே."

தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். மோர் கொடுத்தேன். குடித்து முடித்துப் பையிலிருந்து போர்டு எழுதுகிற தாளை எடுத்தான். "சரி. ஒன்பதுக்குக் கீழ என்ன போடணும்? மறுபடி கறுப்புக்கு எதிர் நிறம்னு சொல்லிடாதீங்க, அச்சுக்காரன் அதையே அடிச்சிருவான்."

நான் சொன்னேன்.

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "ஆச்சி?"

"காது கேக்கலையா? வெள்ளைச்சாமி. லெஃப்ட் அவுட். எழுது."

எழுதினான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று வாங்கி வாசித்துப் பார்த்தேன், எழுத்துக் கூட்டி, சத்தமாக. பிழை இல்லை.

அவன் போன பிறகு அடுப்பு பற்ற வைத்துவிட்டு, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

நாளைக்குப் பொன்ராணி கடையில் வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, புளி, வெள்ளைப்பூண்டு கால் கிலோ.